திருப்பிக் கொடுத்த சத்தியம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவனை எல்லாரும் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். பிடித்தால் விடமாட்டான் என்பதற்காக வந்த பெயர். சரக்கு மட்டுமில்லை, சொன்ன சொல்லும் அப்படித்தான். சாயங்காலம் வருகிறேன் என்று ஒருவனிடம் சொல்லிவிட்டால், மழை கொட்டினாலும் தொப்பலாக நனைந்துகொண்டு அவன் வாசலில் போய் நிற்பான். “கொக்கிகிட்ட வாக்கு வாங்கினா பேங்க்ல போட்ட மாதிரி” என்பார்கள் கூட வேலை செய்கிறவர்கள். “போடறது சுலபம், அவசரத்துக்கு எடுக்கத்தான் முடியாது” என்று ஒருவன் சேர்த்துக்கொள்வான். எல்லாரும் சிரிப்பார்கள். கொக்கியும் சிரிப்பான்.

அவன் மனைவி அவனிடம் அந்தச் சத்தியத்தை வாங்கியதும் அதனால்தான்.

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறையில் ஜன்னலோரம் அவள் மெஷின். மாசம் ஏறி வயிறு மெஷினில் இடிக்க ஆரம்பித்த பிறகும், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டு, கையை எட்டி நீட்டிப் பள்ளிக்கூடச் சீருடைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவன் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, மெஷினை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னாள்.

“இந்தத் தடவை நானே பெத்துக்கணும்ங்க.”

“பின்ன வேற யாரு பெத்துக்குவா, நானா?”

அவள் சிரிக்கவில்லை. அவன் சட்டையைக் கையில் பிடித்தபடியே வந்து உட்கார்ந்தான். எதைச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். மூத்த மகள் பிறந்தது வேறொரு ஆஸ்பத்திரியில், ஆபரேஷனில். அந்த ஆபரேஷன் தேவையானதுதான்; குழந்தை குறுக்கே கிடந்தது, விட்டிருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று பிறகு சொன்னார்கள். ஆனால் அப்போது அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. ‘தூக்குங்க, இந்தப் பக்கம் போடுங்க, கையைக் கட்டுங்க’ என்ற சத்தம்தான் அவள் காதில் விழுந்தது. கண் விழித்தபோது அறையில் ஒருவரும் இல்லை. பிள்ளையை மறுநாள்தான் காட்டினார்கள்.

“நீங்க கப்பல்ல இருந்து மூட்டை இறக்குவீங்களே, அப்படித்தான் என்னை இறக்கினாங்க” என்று அவள் அடிக்கடி சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அந்தத் தழும்பின் மேல் கை பட்டால் இன்றைக்கும் சட்டென்று விலகிப் படுத்துக்கொள்வாள்.

“எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் கொடுங்க” என்றாள். “வலி தாங்காம நான் உளறுவேன். ஆபரேஷன் பண்ணச் சொல்லி உங்க காலைப் பிடிச்சாலும் பிடிப்பேன். நீங்க இளகிடக் கூடாது. ‘நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு’ன்னு மட்டும் சொல்லுங்க. அப்போ பேசறது நான் இல்ல. இப்போ பேசறதுதான் நான்.”

நீட்டிய அவள் கையில், துணியில் கோடு போடும் சுண்ணாம்புக்கட்டியின் நீலத் தூள் ஒட்டியிருந்தது. கொக்கி தன் கையை அதன் மேல் வைத்தான். மனைவி மனசு குளிர ஒன்று செய்துவிட்டோம் என்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்பினால் கொடுத்த வாக்குதான் அது. அதில் ஒரு பள்ளம் இருப்பது அவர்கள் இருவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

புதிய ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா நரைத்த தலையைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகம் சுளிக்கவில்லை, ‘அதெல்லாம் முடியாது’ என்றும் சொல்லவில்லை.

“முயற்சி பண்ணலாம். முதல்ல ஆபரேஷன் ஆனவங்க நிறையப் பேரு அடுத்ததைத் தானே பெத்துக்கறாங்க. ஆனா பழைய தையல் மேலயும் குழந்தையோட இதயத் துடிப்பு மேலயும் நாங்க கண்ணு வச்சுக்கிட்டே இருப்போம். ஆபரேஷன் அறை தயாரா இருக்கும். வேணும்னா மட்டும்.”

“தையல் அவ்வளவு சீக்கிரம் விட்டுடுமா டாக்டர்? நான் போட்ட தையல் ஒண்ணு கூட விட்டதில்ல.”

“இது நீங்க போட்டதில்லையே அம்மா” என்று டாக்டரம்மா சிரித்தாள். “வேற ஆளு தைச்சதை நம்பி நீங்க உத்தரவாதம் கொடுப்பீங்களா?”

“மாட்டேன்” என்று தையல்காரி நேர்மையாக ஒப்புக்கொண்டாள். சத்தியத்தைப் பற்றி மட்டும் இருவரும் அங்கே வாய் திறக்கவில்லை. அது வீட்டு விஷயம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கொக்கியின் அக்காவுக்குத்தான் இந்தத் திட்டமே பிடிக்கவில்லை. அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆபரேஷன். “தலை சீவிட்டுப் போனேன், தலை கலையாம வந்தேன்” என்று பெருமையாகச் சொல்வாள். “லிப்ட் இருக்கிற வீட்டுல படியேறித்தான் போவேன்னு உன் பொண்டாட்டி ஒத்தைக் கால்ல நிக்கறாளே, நீயும் தலையாட்டறியேடா!”

“படியில போனா வழியில நாலு வீட்டைப் பாத்துட்டுப் போகலாமே அண்ணி” என்றாள் தையல்காரி.

“பாரு பாரு. மூச்சு வாங்கி நடுவுல உக்காரும்போது என்னைத்தான் தூக்க வரச் சொல்லுவ.”

அப்படிச் சொன்னவள்தான், வலி கண்ட அன்று காலையில் பிளாஸ்க்கில் டீயோடு முதல் ஆளாக ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள்.

பிரசவ அறை சின்னதுதான். ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நிற்கும் முற்றம், உள்ளே சக்கரம் வைத்த கட்டில், உட்கார்ந்து அசைவதற்கு ஒரு பெரிய ரப்பர் பந்து. தையல்காரியின் வயிற்றைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டியிருந்தார்கள். அதிலிருந்து ஒரு வயர் மெஷினுக்குப் போனது. குழந்தையின் இதயம் குதிரை ஓடுகிற மாதிரி டக்கு டக்கென்று அறை முழுதும் கேட்டுக்கொண்டிருந்தது.

பொறுப்பிலிருந்த நர்ஸம்மா பொறுமைசாலி. வயர் எட்டுகிற தூரத்துக்கு நடக்கவிட்டாள். நின்றபடி கட்டிலில் சாய்ந்துகொள்ளச் சொன்னாள், வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்தாள். “உடம்புக்கு வழி தெரியும் கண்ணு, நீ அதோட சண்டை போடாதே” என்றாள். ஒவ்வொரு வலியும் ஏறி இறங்கும்போது தையல்காரி கொக்கியின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு முனகுவாள். அக்கா பின்னால் நின்று இடுப்பைத் தேய்த்துவிடுவாள்.

“அண்ணி, இன்னும் கொஞ்சம் கீழ.”

“எனக்குப் பழக்கமில்லம்மா. நான் லிப்ட்ல போனவ.”

வலியின் நடுவிலும் தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கொக்கி மனதுக்குள் கடவுளிடம் பேசிக்கொண்டே இருந்தான். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இப்படியே போகட்டும் என்று மட்டும் கேட்டான்.

மதியத்துக்கு மேல் வலி நெருக்கியது. தையல்காரி அவன் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினாள். “என்னால முடியலைங்க. டாக்டரைக் கூப்பிடுங்க. ஆபரேஷன் பண்ணிடச் சொல்லுங்க.”

கொக்கி இந்தக் கட்டத்துக்காகவே காத்திருந்தவன். “நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு” என்றான்.

“என்ன எழவு ஞாபகம்! உங்களைப் போய்க் கட்டிக்கிட்டேனே!”

நர்ஸம்மா சிரித்தாள். “இந்தப் பேச்சு வந்துட்டாலே முக்கால்வாசி வந்தாச்சுன்னு அர்த்தம். எல்லாரும் சொல்றதுதான். எங்க வீட்டுக்காரரை நான் திட்டினதைக் கேட்டிருந்தா நீங்க காதைப் பொத்திக்குவீங்க.” சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் மணி அடிக்கவே அங்கே போனாள்.

தையல்காரி மறுபடி கேட்டாள். அவன் மறுபடி அதையே சொன்னான். அதற்கப்புறமும் ஒரு தடவை கேட்டாள். இந்தத் தடவை கெஞ்சவில்லை. அவன் முகத்தைப் பார்த்து, மெல்லிய குரலில், எதையோ சொல்ல வருகிற மாதிரி ஆரம்பித்தாள். அவன் முந்திக்கொண்டான். “நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கும்மா. கல்லு மாதிரி நிக்கிறேன் பாரு.”

அவள் கட்டிலில் ஏறி, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு பேசவில்லை.

கொக்கிக்குக் கண் கலங்கியது. எவ்வளவு வைராக்கியம் என்று நினைத்துக்கொண்டான். தானும் இளகாமல் நின்றுவிட்டோம் என்று ஒரு நிறைவு.

அக்கா தேய்ப்பதை நிறுத்தினாள். கட்டிலைச் சுற்றிப் போய்த் தையல்காரியின் முகத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக் கதவோரம் இழுத்துப் போனாள்.

“டேய், அவ ஏன் பேசல?”

“தாங்கிக்கப் பழகிட்டா அக்கா.”

“அவளா? விரல்ல ஊசி குத்தினாலே தெருவைக் கூட்டறவ. அடிவயித்துல ஒரு கையை அழுத்திக்கிட்டே இருக்கா பாரு. வலி வரும்போது பிடிக்கறது சரி. வலி போன பிறகும் எடுக்க மாட்டேங்கறாளே.”

அவனுக்குக் கோபம் வந்தது. “அக்கா, நீ முதல் நாள்ல இருந்தே ஆபரேஷன் கட்சி. உன் சௌகரியத்துக்கு அவளைக் கவுக்கப் பாக்காதே. நான் அவளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். அவளே கெஞ்சினாலும் விடக் கூடாதுன்னு சத்தியம்.”

அப்போதுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. வெடுக்கென்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் வாய் அப்படிப்பட்டது. ஆனால் சொல்லவில்லை. முந்தானை ஓரத்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி. நான் ஆபரேஷன்னு சொல்ல மாட்டேன். நான் சொல்லி நடந்தா நான் ஜெயிச்ச மாதிரி ஆயிடும், அவளுக்கு ஆயுசுக்கும் அது குத்தும். டாக்டர் வந்து சொல்றதும் அப்புறம் இருக்கட்டும். நீ போய் அவளைக் கேளுடா. எங்க வலிக்குதுன்னு அவளைக் கேளு. அதைக் கேக்கக் கூடாதுன்னா சத்தியம் வாங்கினா?”

கிரேன் வேலையில் ஒரு விதி உண்டு. கீழே நின்று கை காட்டுகிற ஒரே ஒரு ஆளின் சைகைக்குத்தான் மேலே இருப்பவன் கட்டுப்பட வேண்டும். மற்றவர்கள் என்ன கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் ‘நிறுத்து’ என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியே ஆக வேண்டும். டீ கொண்டுவருகிறவன் காட்டினாலும் சரி. ஏன் எதற்கு என்று பிறகுதான் கேட்கலாம். இத்தனை வருஷத்தில் கொக்கி அந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை. இன்றைக்கு அவள் சைகை காட்டக் காட்ட, தான் தூக்கிக்கொண்டே போயிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் உடம்பை நுழைத்து மண்டி போட்டான். அவள் கண்கள் திறந்திருந்தன. உதடு வெளுத்திருந்தது.

“எங்கம்மா வலிக்குது?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“சொல்லு.”

“சொல்லி என்ன? நான் பேசறது நான் இல்லன்னு நானே சொல்லிட்டேனே. நீங்க கேக்க மாட்டீங்க.”

அந்தச் சொல்லைக் கொக்கி சாகிற வரைக்கும் மறக்க மாட்டான். அவள் கையைப் பிரித்து, அதன் மேல் தன் கையை வைத்தான்.

“சத்தியத்தை உன்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டேன். இனி அது என்கிட்ட இல்ல. அன்னிக்குப் பேசினதும் நீதான். இப்போ பேசறதும் நீதான். சொல்லு, நான் கேக்கறேன்.”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள். “பழைய தையல் இடத்துலங்க. மத்த வலி வருது, போகுது. இது போக மாட்டேங்குது. கொஞ்ச நேரமா இப்படித்தான். என்னமோ பிரியற மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்கு.”

அக்கா அதற்குள் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருந்தாள். நர்ஸம்மா உள்ளே வந்து, அவள் வார்த்தையைக் கேட்டு, வயிற்றில் மெதுவாகக் கை வைத்துப் பார்த்தாள். சிரித்த முகம் மாறிவிட்டது. அதே நேரத்தில்தான் அந்தக் குதிரைச் சத்தம் தடுமாறியது. ஓடியது, நொண்டியது, மெல்ல மெல்லத் தேறி மறுபடி ஓடியது. நர்ஸம்மா சுவரில் இருந்த மணியை அழுத்தினாள்.

டாக்டரம்மா வந்தாள். பார்க்க வேண்டியதைப் பார்த்தாள். பிறகு வாயை மூடியிருந்த துணியைக் கீழே இழுத்துவிட்டு, தன் முகம் தெரியும்படி தையல்காரியின் அருகில் குனிந்தாள். பின்னால் இரண்டு பேர் கட்டிலின் பூட்டை விடுவித்துக்கொண்டிருந்தார்கள். அவசரம்தான். ஆனாலும் அவள் குனிந்தாள்.

“நான் யாருன்னு தெரியுதா? கேளுங்க. பழைய தையல் விட ஆரம்பிச்சிருக்குன்னு சந்தேகப்படறேன். குழந்தையும் சோர்ந்துக்கிட்டு வருது. இனி காத்திருந்தா ஆபத்து. ஆபரேஷன் பண்ணணும்னு நான் சொல்றேன். நீங்க என்ன சொல்றீங்க?”

தையல்காரி கணவனைப் பார்த்தாள். அவன் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான்.

“பண்ணுங்க” என்றாள். பிறகு, “டாக்டர், எனக்கு எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே பண்ணுங்க. பிறந்ததும் காட்டுங்க. நாளைக்குன்னு சொல்லிடாதீங்க.”

“சொல்லிக்கிட்டே பண்றேன். மூச்சு நல்லா இருந்தா உங்க கன்னத்துலதான் முதல்ல வைப்பேன். இல்லன்னா அதையும் மறைக்காம சொல்லுவேன்.”

முதுகில் ஊசி போட்டார்கள். கொக்கியைத் தலைமாட்டில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். நர்ஸம்மா அவள் காதோரம் நின்று, நடப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். “இப்போ குளிர்ச்சியா மருந்து தடவறாங்க கண்ணு. இப்போ இழுக்கற மாதிரி இருக்கும், வலிக்காது. இப்போ குழந்தையைத் தொட்டாச்சு.”

குழந்தை வந்தது. சத்தமில்லை. “ஆண் குழந்தை. இன்னும் அழல. மூச்சுக்கு உதவி பண்றாங்க” என்று சொன்ன டாக்டரம்மாவின் குரலில் நடுக்கமும் இல்லை, பூசி மெழுகலும் இல்லை. கொக்கி கடவுளின் பெயரைச் சொல்ல முயன்றான், வாய் வரவில்லை. சொல்லாததையும் கேட்கிறவர் என்று நம்பிக்கொண்டான்.

பிறகு பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது வலுத்துக் கோபமான அழுகையானது. ஒரு துண்டில் சுற்றி, சொன்ன சொல் தவறாமல், அவள் கன்னத்தோடு கன்னமாக வைத்தார்கள். அவள் கைக்குக் கீழே நர்ஸம்மா தன் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். குழந்தையை எடுக்க யாரும் அவசரப்படவில்லை.

தைக்கும்போதே கொக்கியை வெளியே அனுப்பியிருந்தார்கள். தைத்து முடித்து வந்த டாக்டரம்மா அவனையும் அக்காவையும் பெஞ்சில் உட்கார வைத்துப் பேசினாள். பழைய தையல் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. “இடம் குறிப்பா வலிக்குதுன்னு அவங்க சொன்னது நல்லதாப் போச்சு. மெஷின் அப்போதான் காட்ட ஆரம்பிச்சிருந்தது.”

“நான்தான் டாக்டர் அவளைச் சொல்ல விடல” என்றான் கொக்கி. சத்தியத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான்.

டாக்டரம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்தாள். “என்கிட்ட சொல்லியிருக்கணும் நீங்க. நானும் கேட்டிருக்கணும். தானே பெத்துக்க ஆசைப்பட்டது தப்பில்ல. பெரும்பாலும் நல்லபடியா முடியும், இந்தத் தடவை அமையல. ஆனா பிரசவத்துல இருக்கற பொம்பளை வாயை யாரும் முன்கூட்டியே பூட்டக் கூடாது. அவளே சாவி கொடுத்தாலும் வாங்கிக்கக் கூடாது.”

மறுநாள் காலை வார்டில் வெயில் அடித்தது. குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கியது. தையல்காரி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று அழ ஆரம்பித்தாள். தையல் இழுத்ததால் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.

“ஆசைப்பட்டேங்க” என்றாள். “முக்கால்வாசி வந்துட்டேன். இனி எனக்கு அது கிடையாதுல்ல?”

“கிடையாதும்மா” என்றான் அவன். டாக்டரம்மா சொல்லியிருந்தாள், இனி முயற்சி செய்வது சரியில்லை என்று. ‘அதான் பிள்ளை நல்லா இருக்கே’ என்று சொல்லிச் சமாளிக்க அவனுக்கு வாய் துடித்தது. அடக்கிக்கொண்டான். “நான் என்ன பண்ணட்டும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். இங்கேயே இருங்க.”

அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான்.

எதிர்க் கட்டிலுக்குப் பார்வையாளராக வந்திருந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். நல்ல மனசுக்காரிதான். “எதுக்கும்மா அழற? தாயும் பிள்ளையும் பிழைச்சாச்சு, ஆம்பளைப் பிள்ளை வேற. கடவுளுக்கு நன்றி சொல்லாம அழுதுக்கிட்டு!”

கொக்கி அக்காவைப் பார்த்தான். நேற்று வரை இதையே இரண்டு மடங்கு சத்தமாகச் சொல்லியிருப்பாள். கடவுள் நமக்குத் துணைக்கு அனுப்புகிறவர்கள், நம்மோடு ஒத்துப்போகிறவர்களாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

“நன்றியெல்லாம் ராத்திரியே சொல்லிட்டாம்மா” என்றாள் அக்கா. “இது வேற அழுகை. அழட்டும் விடுங்க.”

சொல்லிவிட்டு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தம்பி மனைவி அழுது முடிக்கும் வரை, ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் மெதுவாக நடக்கத் தொடங்கினாள்.